தீர்மானம் ஏழும் பதினொரு பிள்ளைகளும்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் கூடிய நூலகர் சங்கத்தின் செயற்குழு, நான் ஒரு கதை எழுத வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. போட்டு மூன்று நாள் கழித்து, சங்கச் செயலாளர் பஞ்சநாதன் அரியலூருக்கு பஸ் ஏறி வந்து, என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தீர்மான நகலைக் கொடுத்தார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"எதுக்கு சார்? நீங்க மாட்டேன்னா சொல்லப்போறீங்க?" என்றார்.

இரண்டு மாவட்டத்து நூலகர்களும் சேர்ந்து வைத்திருக்கும் சங்கம் அது. ஆண்டு மலர் போடுகிறார்கள். நூலகங்களில் இளையோருக்காக என்னென்ன நடக்கிறது என்பதை மலரில் கதையாகச் சொல்ல வேண்டுமாம். நிபந்தனைகள் மூன்று. பிள்ளைகள் படிக்க வேண்டும். சங்கத்துக்கு நல்ல பெயர் வர வேண்டும். கதையில் கூட்டம் ஏதாவது வந்தால் அதில் யாரும் தூங்கக் கூடாது. மூன்றாவது நிபந்தனை எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

2

தொடங்கிப் பார்த்தேன்.

"சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதிக்கு மேலே செங்கதிர் எழுந்தபோது வெற்றிச்செல்வி நூலகத்தின் கதவை

வேண்டாம். நூலகம் திறக்கிற நேரத்துக்குக் கதிரவன் எழுந்து, சட்டை நனைந்து, பாதி வேலையை முடித்திருப்பான். தவிர, வெற்றிச்செல்வி வேலை பார்ப்பது மீன்சுருட்டிப் பக்கம். அங்கே ஏது சுண்ணாம்புக்கல்? நெல்லும் முந்திரியும்தான். (ஊர்ப் பெயர் எழுதியிருந்தேன். செயலாளர் அடித்துவிட்டார். 'பக்கம்' என்பதோடு திருப்திப்பட்டுக்கொள்ளுங்கள்.)

"பழைய புத்தகங்களின் வாசனை

இப்படித் தொடங்குகிறவன் கையை ஒடிக்க வேண்டும். என் கை என்பதால் விட்டுவிட்டேன்.

"அன்று வெள்ளிக்கிழமை. நூலகத்துக்கு வார விடுமுறை. வெற்றிச்செல்வி கதவைத் திறந்தாள்."

இது நிற்கிறது.*

* 'திறந்தார்' என்று மரியாதையாக எழுதும்படி ஒரு திருத்தம் வந்தது. கதைக்குள் வந்துவிட்டவர்கள் எனக்கு வீட்டு மனுசர்கள். 'திறந்தாள்' என்றே இருக்கட்டும்.

3

விடுமுறை நாளில் எதற்குத் திறந்தாள்? அதற்கு எட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை. சண்முகப்பிரியா என்கிற பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒரு வேடிக்கைக் கதையை வாய்விட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேப்பர் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இது லைப்ரரியா, சந்தையா?" பேப்பர் மேசையில் உட்காருகிறவர்கள் தினமும் வருவார்கள், ஒரே செய்தியை மூன்று பத்திரிகையில் படிப்பார்கள், நூலகத்தைத் தாங்கிப் பிடிப்பதே தாங்கள்தான் என்று நம்புவார்கள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

வெற்றிச்செல்விக்கு மனசு கேட்கவில்லை. பதினான்கு வருட வேலையில், பதினாறு வயசுப் பிள்ளைகள் பதினோரு பேர் யாரும் இழுத்து வராமல் தாங்களாக நூலகத்துக்கு வந்ததை அவள் பார்த்ததே இல்லை. வாசல்வரை ஓடினாள்.

"வெள்ளிக்கிழம வாங்கடி. எவரும் இருக்க மாட்டாங்க. கூரை இடியிற மாதிரி சிரிங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குக் காரணம் தீர்மானம் ஏழு.

'வார விடுமுறை நாளில் உறுப்பினர் எவரும் நூலகக் கட்டடத்தைத் திறப்பதோ, நூலகப் பணி எதிலும் ஈடுபடுவதோ கூடாது.' இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மேலதிகாரி 'இந்த ஒரு வெள்ளி மட்டும் வேலைக்கு வாங்க' என்று ஆரம்பித்து அதை மாதம் முழுக்க நீட்டியபோது, சங்கம் கொதித்துப்போய்ப் போட்ட தீர்மானம் அது. எழுதியவள் சங்கத்தின் இணைச் செயலாளர். அழகான கையெழுத்து என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

இணைச் செயலாளர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிடுகிறேன், எதற்கு வம்பு: வெற்றிச்செல்வி.

4

எட்டு மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. காட்டிக்கொடுத்ததும் அவளேதான். பிள்ளைகள் சிரிக்கிறபோது எடுத்த படத்தை அக்காவுக்கு அனுப்புவதாக நினைத்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். படத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் கரும்பலகை. கரும்பலகையில் தேதி, அதற்குக் கீழே கிழமை. அதே அழகான கையெழுத்து.

பஞ்சநாதன் உடனே 'அருமை' என்று போட்டு மூன்று பூச்செண்டு வைத்தார். நான்கு நிமிடம் கழித்து, 'இன்று என்ன கிழமை?' என்று கேட்டார்.

அடுத்த பொதுக்குழுவில் நேரில் விளக்கம் தர வேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தது.

பயந்துபோனாள். வேலைக்கு ஆபத்து இல்லை, சங்கத்துக்கு அந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் அவளை முன்பு எங்கோ தூக்கியடித்தபோது, ஆறு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கித் திரும்பக் கொண்டுவந்தது சங்கம்தான். அந்தச் சங்கத்தின் முகத்தில் எப்படி முழிப்பது? அதற்காகப் பதினோரு பிள்ளைகளிடம் 'இனிமே வராதீங்க' என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

(சனிக்கிழமைக்கு மாற்றலாமே என்பீர்கள். பேப்பர் மேசை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வைக்கலாமே என்று பஞ்சநாதனும் சொன்னார். 'பள்ளிக்கூடமா!' என்று பதினோரு பிள்ளைகளும் கத்தியது அரியலூர் வரைக்கும் கேட்டது.)

5

பொதுக்குழு மே மாதம், பெரம்பலூரில் ஒரு நூலகக் கூடத்தில். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. சண்முகப்பிரியாவின் அம்மாவைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு, ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ், அரியலூரில் ஒரு பஸ் என்று மாறி மாறி, பதினோரு பேரும் வந்து இறங்கிவிட்டார்கள். வெற்றிச்செல்விக்குத் தெரியாது. கூடத்து வாசலில் பார்த்ததும், "அடிப் பாவிகளா!" என்றாள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். சண்முகப்பிரியா இனிமேல் பேசப்போவதைப் பார்த்தால், நான் எழுதிக்கொடுத்துப் பேச வைத்த மாதிரி இருக்கும். அவளைக் கொஞ்சம் கூச்சக்காரியாக மாற்றிப் பார்த்தேன். கூச்சத்தோடு இரண்டு வரி இருந்தாள், மூன்றாவது வரியில் கையைத் தூக்கிவிட்டாள். இனி என் பொறுப்பு இல்லை.

தலைவர் அழகேசன் கூட்டத்தைத் தொடங்கினார். இருபத்தாறு பேர் இருந்தார்கள். பொருளாளர் தூங்கிக்கொண்டிருந்தார். [தூங்கவில்லை. கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். – செயலாளர்]

தீர்மானம் ஏழை வெற்றிச்செல்வியே வாசிக்கட்டும் என்றார் பஞ்சநாதன். காகிதத்தை வாங்கியவள் முதல் சொல்லையே இரண்டு முறை ஆரம்பித்தாள். சண்முகப்பிரியா நேராக வந்து கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் படிக்கிறேன். சத்தமாப் படிச்சு எங்களுக்குப் பழக்கம்தான்."

கணீரென்று படித்தாள். 'நூலகக் கட்டடத்தைத் திறப்பதோ' என்ற இடத்தில் நின்றாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். சுற்றி அலமாரிகளைப் பார்த்தாள்.

"சார், இன்னைக்கும் வெள்ளிக்கிழமதானே? இந்தக் கட்டடத்த யாரு தெறந்தது?"

அந்த நூலகத்தின் நூலகர், மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை மெதுவாக எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். விடுமுறை நாள் என்பதால் சங்கம் எப்போதுமே வெள்ளிக்கிழமைதான் கூடும், ஏதாவது ஒரு நூலகத்தைத் திறந்துவைத்துத்தான் கூடும். தீர்மானம் ஏழே அப்படித்தான் நிறைவேறியது. இரண்டு வருடத்தில் இது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

"இது சங்கப் பணி. நூலகப் பணி இல்லம்மா," என்றார் பஞ்சநாதன்.

"நாங்க பண்றதும் நூலகப் பணி இல்ல சார். சிரிக்கத்தான் வர்றோம்."

கூடமே சிரித்தது. பொருளாளர் திடுக்கிட்டு [யோசனை கலைந்து] என்ன ஏது என்று தெரியாமல் கைதட்டினார்.

6

இங்கேயே முடித்துவிடத்தான் ஆசைப்பட்டேன். பிள்ளைகள் ஜெயித்தார்கள், சங்கம் பெருந்தன்மையாகச் சிரித்தது, சுபம். முதல் பிரதியில் அப்படித்தான் முடித்தேன். அதில் எழுந்து எதிர்த்துப் பேசிய கொளஞ்சியம்மாள் என்கிற நூலகரை, மூஞ்சியைச் சுளிக்கிற பொம்பளையாக எழுதியிருந்தேன். பிறகு அவர் அன்றைக்கு என்ன பேசினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது. கிழித்துப் போட்டேன்.

கொளஞ்சியம்மாள் ஒற்றை ஆளாக ஒரு நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். திறப்பது, கூட்டுவது, பதிவது, பூட்டுவது எல்லாம் அவரே. சிரிப்பு அடங்குவதற்குக் காத்திருந்து எழுந்தார்.

"செல்வி, நீ தப்பு பண்ணேன்னு நான் சொல்லல. இந்தப் புள்ளைவொளப் பாத்தா எனக்குமே ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. ஒனக்கு இது ஆசை. நாளைக்கு மேல எவனாச்சும் இந்தப் போட்டாவப் பாத்தான்னா, எனக்கு அது உத்தரவு. எனக்கு இருக்கறது அந்த ஒரு வெள்ளிக்கிழமடி. அன்னைக்குத்தான் எம்புருசன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. வெற்றிச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. கொளஞ்சியக்கா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை. சண்முகப்பிரியாவும் கையிலிருந்த காகிதத்தை மடித்து மேசையில் வைத்தாள்.

ஓட்டுக்கு விட்டார்கள். வெள்ளிக்கிழமை வாசிப்பு நிற்க வேண்டும் என்போர் பன்னிரண்டு. நடக்கட்டும் என்போர் பன்னிரண்டு. தலைவர் அழகேசன் யார் மனமும் கோணக்கூடாது என்று இரண்டு பக்கமும் கை தூக்கியதால் அவர் ஓட்டு செல்லாது என்றார்கள். மிச்சம் ஒரு கை. அது குறிப்பேட்டில் ஓட்டு எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருந்தது.

வெற்றிச்செல்வி பேனாவைக் கீழே வைத்தாள்.

7

முடிவுகள்.

(அ) பிள்ளைகள் பக்கம் கை தூக்கினாள். மறு மாதமே எல்லா நூலகத்துக்கும் சுற்றறிக்கை: வெள்ளிதோறும் இளையோர் வாசிப்பு, படத்துடன் அறிக்கை அனுப்பவும். பேப்பர் மேசைக்காரர்களும் வெள்ளிக்கிழமை வரத் தொடங்கினார்கள்.

(ஆ) சங்கத்தின் பக்கம் கை தூக்கினாள். திரும்புகிற பஸ்ஸில் பிள்ளைகளோடுதான் போக வேண்டும். மூன்று பஸ். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியாமல்

இதை என்னால் எழுத முடியவில்லை.

(இ) பஞ்சநாதன் எழுதி அனுப்பியது: 'இப்பொருள் குறித்து ஆராய ஐவர் துணைக்குழு அமைக்கப்பட்டு, தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.' ஐந்து பேரில் ஒருவர் பொருளாளர்.

மூன்றும் வேண்டாம் என்று, சம்பந்தப்பட்டவளையே கேட்டுவிடலாம் என போன் போட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.

"ஏம்மா, அன்னைக்கு எந்தப் பக்கம் கை தூக்குனீங்க? மலர் அச்சுக்குப் போவணும்."

பின்னால் ஒரே சத்தம். யாரோ எதையோ படிக்கிறார்கள். கூரை இடிகிற மாதிரி சிரிப்பு.

"சார், நல்லாருப்பீங்க, அப்பறமாப் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

சுவரில் காலண்டர் தொங்கியது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

வெற்றிச்செல்வி பேனாவைக் கீழே வைத்த இடத்தோடு என் வேலை முடிந்தது. கையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள், உங்கள் மனசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நான் போன் போட்டது என்ன கிழமை என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மலரைக் கொளஞ்சியம்மாளும் படிப்பார்.