இரண்டு டின்னுக்கும் பொட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில், கஜபதியின் வண்டி அவனைக் கொல்லப் பார்த்தது.

அதற்கு ஒரு நிமிடம் முன்புவரை அவனைப் போல சந்தோஷமான ஆள் அந்த மைதானத்திலேயே கிடையாது. நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஆவடியில் தொழிற்சாலை கேட்டைத் தாண்டும்போதெல்லாம் பின்னால் வருகிறவன் திட்டும் அளவுக்குப் புகை விடும். அன்று பயிற்சி ஓட்டத்தின் முதல் இரண்டு சுற்றிலும் புகையே இல்லை. திரும்பிப் பார்த்தான், வெறும் வெயில்தான் தெரிந்தது. இழுவையும் பிரமாதமாக இருந்தது. நண்பன் பால்ராஜ் கை வைத்தால் இப்படித்தான் என்று ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டான். புகை வராததைப் பார்த்து சந்தோஷப்பட்ட அந்த அப்பாவிக்கு வயது இருபத்தாறு, தொழில் வெல்டிங், பந்தயம் இதுதான் முதல் தடவை.

மூன்றாவது சுற்றில், நீண்ட நேர்ப்பாதையின் நடுவே, சத்தம் மாறியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த இன்ஜின், யாரோ வாயைப் பொத்தியதுபோல அமுங்கியது. என்ன இது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி போய்க்கொண்டிருக்கிறது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. ரப்பர் தேய்ந்து கீறும் சத்தம் காதைக் கிழித்தது. பின்பக்கம் இடது புறம் போயிற்று, வலது புறம் போயிற்று, மறுபடி இடது புறம் போயிற்று. தரை முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போனது. செத்தேன் என்று நினைத்தான். வேறு எதுவும் நினைக்க நேரமில்லை.

பயத்தில் கைக்கு அகப்பட்டதை எல்லாம் இறுக்கிப் பிடித்தான். அதில் கிளட்சும் அகப்பட்டது. பூட்டிக்கொண்ட இன்ஜினிலிருந்து சக்கரம் விடுபட்டு மறுபடி சுற்றியது, வண்டி நிமிர்ந்தது, சத்தமே இல்லாமல் உருண்டு போய்ப் புல்லில் நின்றது. பின்னால் வந்த மூன்று பேர் அவன் தோளை உரசுவதுபோல விர்ரென்று போனார்கள். இறங்கினான். வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

பால்ராஜ் ஓடி வந்தான். அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. பேச்சு குறைவு, பொய் சுத்தமாக வராது. வண்டியின் இன்ஜினைப் பிரித்துக் கோத்து பந்தயத்துக்குத் தயார்படுத்தியவன் அவன்தான். கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தான், அசையவில்லை.

"பிஸ்டன் பிடிச்சிட்டுடே" என்றான். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் இல்ல மச்சான்" என்றான் கஜபதி. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

வாடகை டெம்போவில் வண்டியை ஏற்றி மதியத்துக்குள் ஆவடிப் பக்கம் சேக்காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கஜபதி குடியிருந்த போர்ஷனின் வாசலில் கோணியை விரித்து பால்ராஜ் இன்ஜினைப் பிரித்தான். பிஸ்டனின் பக்கமெல்லாம் பூனை பிராண்டியதுபோல நீள நீளமாகக் கீறல். பால்ராஜ் அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பிஸ்டனச் சுத்தி இடைவெளி சரியாத்தான் விட்டேன். மூணு தடவ அளந்தேன். பெறவு எப்படி?" தன்னையே கேட்டுக்கொண்டான். பிறகு பிஸ்டனைக் கீழே வைத்தான். "காரணம் தெரியாம உன்ன நாளைக்கு ஏத்த மாட்டேன். என் கைதான் தப்புன்னா, நாளைக்கும் அதே கைதான் கோக்கும்."

ஞாயிற்றுக்கிழமைதான் பந்தயம். புதியவர்களுக்கான ஆறு சுற்று ஓட்டம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அதற்காகத்தான் கஜபதி ஒரு வருஷமாக ஷிப்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தான். பால்ராஜ் வேண்டாம் என்றதும் அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். உள்ளே என்னவோ அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அவனைக் கூச வைத்தது. நாளைக்கு இவன் பேச்சைச் சாக்காக வைத்து விட்டுவிட்டால், பிறகு எந்த ஜென்மத்திலும் அந்த வண்டிமேல் ஏற மாட்டோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

புஷ்பா டீ கொண்டுவந்தாள். கல்யாணமாகி எட்டு மாதம். பந்தயம் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை, சாமியிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்ஜின் கோளாறு, ஓரமாக நிறுத்திவிட்டேன் என்றுதான் கஜபதி அவளிடம் சொல்லியிருந்தான். அவள் டம்ளரை வைத்துவிட்டு, டெம்போவிலிருந்து இறக்கி வைத்திருந்த இரண்டு தகர டின்களையும் பார்த்தாள்.

"இன்னாண்ணே இது, மறுபடியும் இப்புடி அழுக்காக்கிகினு வந்துகிறீங்க? நேத்து வெள்ளிக்கெயமன்னு வண்டிக்குப் பூஜ போட்டேன்ல, அப்ப இந்த ரெண்டு டின்னையும் சோப்புத்தூள் போட்டுத் தேச்சு, பளபளன்னு தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன். சாக்பீஸ்ல வேற இன்னாவோ கிறுக்கி வெச்சிருந்துச்சு. எல்லாம் போவத் தேச்சேன்."

பால்ராஜ் டம்ளரை எடுத்தவன் அப்படியே நின்றான்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் போக வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். பந்தயத்துக்காக ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, ஒரு டின்னில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து வைத்திருந்தான் பால்ராஜ். இன்னொரு டின்னில் இருந்தது சாமான்கள் கழுவ வெறும் பெட்ரோல். ஆயில் கலந்த டின்மேல் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான்.

கஜபதிக்குக் காலைநேரம் கண்முன் வந்தது. பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பால்ராஜ் நம்பர் தகட்டைக் காட்டப் போயிருந்தான். கைக்குக் கிடைத்த டின்னில் குறி இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பொட்டு இருந்தது. இன்னொரு டின் துணிப்பைக்கு அடியில் கிடந்தது, அதன் பொட்டு கண்ணில் படவில்லை. பொட்டு வைத்ததுதான் வண்டிக்கு ஊற்ற வேண்டியது என்று முடிவு பண்ணி ஊற்றினான். சர்ச்சுக்குப் போகிற பால்ராஜ் டின்னுக்குப் பொட்டு வைப்பானா என்று யோசிக்க அப்போது அவகாசமில்லை. ஊற்றியது வெறும் பெட்ரோல், ஆயில் இல்லாததால்தான் புகை வரவில்லை என்பதும் இப்போது புரிந்தது.

பால்ராஜ் வாயைத் திறந்தான். கஜபதி கோணியின் ஓரமாகக் காலை நீட்டி அவன் பாதத்தை மிதித்தான். நன்றாகவே மிதித்தான்.

"டீ நல்லா இருக்கு தங்கச்சி" என்றான் பால்ராஜ். அது உண்மைதான் என்பதால் அவனால் சொல்ல முடிந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, இனி பயம் போய்விடும் என்று கஜபதி எதிர்பார்த்தான். போகவில்லை. இன்ஜின்மேல் இருந்த பயம் இப்போது அவன்மேலேயே திரும்பியது. தன் கையாலேயே எடுத்து ஊற்றியிருக்கிறான். நாளைக்கு வேறு என்ன செய்து வைப்பானோ. சோற்றில் கை வைத்தால் சக்கரம் கீறிய சத்தம் கேட்டது.

பால்ராஜ் சிலிண்டருக்குள் ஒட்டியிருந்த உலோகத்தை எமரித் தாளால் பொறுமையாகத் தேய்த்து எடுத்தான், வைத்திருந்த உபரி பிஸ்டனைப் போட்டான். "ரெண்டு கோடு நிக்கி. அதைத் தேய்க்க முடியாது. சூடேறினா திரும்பப் பிடிச்சாலும் பிடிக்கும்" என்று மறைக்காமல் சொன்னான். "காதத் தீட்டி வச்சுக்கோ. சத்தம் அமுங்கினா யோசிக்காத, கிளட்சப் பிடி. ரெண்டு விரலு எப்பவும் கிளட்சுமேல கிடக்கட்டும். நேத்து வரைக்கும் நான் இதச் சொன்னப்ப நீ கேக்கல."

பொழுது சாயும்போது கிக்கர் உதைத்தார்கள். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்து வாசலை மூடியது. எதிர்வீட்டு லோகநாயகி ஜன்னலைச் சாத்தினாள். கஜபதி அந்தப் புகையை நெஞ்சு நிறைய இழுத்தான்.

ஞாயிறு காலையில் புஷ்பா குளித்துவிட்டுத் தட்டோடு வந்தாள். இன்றைக்குத் தானும் வருவதாக முதல் நாளே சொல்லிவிட்டாள். வண்டியின் விளக்குக்கும் டேங்க்குக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள்.

"டின்னு எங்க மாமா?"

"டெம்போல ஏத்தியாச்சு. அதுக்கெல்லாம் வாணாம். எனக்கு வை."

அவள் அவன் நெற்றியில் வைத்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. பயப்படுகிறாள் என்று தெரிந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். நெற்றியைத் துடைக்காமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சோழவரத்தில் கூட்டம் கம்பிவேலியை நெருக்கிக்கொண்டு நின்றது. இருபது வண்டிகள் கோட்டில் நின்று உறுமின. கஜபதி கடைசி வரிசை. பால்ராஜ் இன்று கலந்த டின்னில் சிவப்புத் துணி கட்டியிருந்தான், ஊற்றும் வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. இப்போது அவனும் புஷ்பாவும் வேலிக்கு அந்தப் பக்கம் டின்களோடு நின்றார்கள்.

கொடிக்காகக் காத்திருந்தபோது கஜபதி அந்தப் பக்கம் திரும்பினான். புஷ்பா சிவப்புத் துணியைத் தொட்டுக்காட்டி ஏதோ கேட்டாள். பால்ராஜ் தலையைக் குனிந்தான். அவள் மறுபடி கேட்டாள். அவன் சொன்னான். ஒரு டின்னைக் காட்டினான், இன்னொன்றைக் காட்டினான், பிஸ்டன் பிடித்ததை இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடு ஒன்று அழுத்திப் பிடித்துக் காட்டினான். நேராகக் கேட்டால் அவனால் மறைக்க முடியாது, மனுஷன் அப்படி. புஷ்பாவின் கை வாய்க்குப் போனது. அவள் கஜபதியைப் பார்த்தாள். அந்தத் தூரத்திலும் அந்தப் பார்வை தெரிந்தது.

கொடி விழுந்தது.

முதல் நான்கு சுற்றும் அவனுக்கு நினைவில் இல்லை. காது மட்டும்தான் வேலை செய்தது. ஒவ்வொரு முறை நேர்ப்பாதைக்குள் திரும்பும்போதும் பல் வலிக்கும் அளவுக்குக் கடித்துக்கொண்டிருந்தான். இடது கையின் இரண்டு விரல்கள் கிளட்சை விடவே இல்லை. வேலியைக் கடக்கும்போது புஷ்பாவின் மஞ்சள் புடவை கண்ணோரத்தில் வந்து போனது. அது தெரிந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டான்.

ஐந்தாவது சுற்றில், நேற்று கீறிய கறுப்புத் தடத்துக்குப் பக்கத்திலேயே, சத்தம் அமுங்கியது.

யோசிக்கவில்லை. கிளட்ச் பிடித்தாயிற்று. வண்டி சத்தமில்லாமல் உருண்டது. காற்று மட்டும் ஹெல்மெட்டில் ஊதியது. ஏழெட்டுப் பேர் தாண்டிப் போனார்கள். ஓரம் கட்டினான். புல் பக்கத்தில் இருந்தது. நிறுத்திவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இன்ஜின் நிஜமாகவே பிடித்ததா, தன் பயம்தான் அப்படிக் கேட்டதா என்பது அவனுக்கே தெரியவில்லை. கிளட்சை விட்டால் சக்கரம் சுற்றலாம், பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். உடம்பு முழுக்க விடாதே விடாதே என்று கெஞ்சியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வேலியோரத்தில் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். எல்லா வண்டியும் தாண்டிப் போய், இவன் மட்டும் வராவிட்டால், இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. தான் டின்னைக் கழுவியது தெரியும், அது மட்டும்தான் தெரியும்.

வண்டி நின்றுபோகும் நேரத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டு விரலை விட்டான். சக்கரம் ஒருமுறை கிரீச்சிட்டது, இழுத்தது, பிறகு இன்ஜின் இருமிவிட்டு எழுந்தது. பாதி வேகத்தில், ஆம்புலன்ஸ்காரன் எட்டிப் பார்க்க, வேலியைக் கடந்தான். மஞ்சள் புடவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசிச் சுற்றையும் அப்படியே உருட்டி முடித்தான். கீழே விழுந்த இருவரைக் கழித்தால் கடைசி.

அவன் வண்டியை நிறுத்தியதும் புஷ்பா வந்தாள். பால்ராஜ் தூரத்திலேயே நின்றுவிட்டான், மறுபடி மிதி வாங்க அவன் தயாராக இல்லை.

"நான்தானே கழுவினேன்" என்றாள்.

"ஊத்துனது நான்."

"நேத்தே தெரியும் உனுக்கு. தெரிஞ்சிகினே சோறு துன்னுகினு இருந்தே. ஏன் சொல்லல?"

கஜபதி ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றிக் குங்குமம் வேர்வையில் மூக்குவரை வழிந்திருந்தது.

"சொல்லியிருந்தா இன்னிக்கு நீ பொட்டு வெச்சிருக்க மாட்டே" என்றான். "அது இல்லாம இதும்மேல குந்த எனுக்கு தகிரியம் இல்ல புஷ்பா."

அவள் அவன் இடது கையைப் பிடித்தாள். இரண்டு விரல்கள் இன்னும் கிளட்சைப் பிடித்த மாதிரியே மடங்கி விறைத்திருந்தன. புடவைத் தலைப்பால் துடைத்து, ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள். நிமிர்த்தியதும் அவை மறுபடி மடங்கின. பிறகு அவள் அந்தக் கையை விடாமலேயே டெம்போ நின்ற இடத்துக்கு நடந்தாள்.