எங்க தெரு நாய்

டவுனை ஒட்டிய சத்துவாச்சாரிக்குக் குடிவந்த புதிதில் மீனாம்பாளுக்குப் புரியாத முதல் விஷயம், இங்கே நாய்க்குக்கூடச் சொந்தக்காரர் யார் என்று கேட்கிறார்கள் என்பதுதான். அவள் பிறந்து வளர்ந்தது காவேரிப்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம், நெல்லும் கரும்பும் போடுகிற ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு நாய் குறுக்கே போனால் "எந்தத் தெரு நாய் இது?" என்றுதான் கேட்பார்கள். மேட்டுத் தெரு நாய் என்றால் மேட்டுத் தெருவே அதற்குப் பொறுப்பு. பழைய சோறு ஏதாவது ஒரு வீட்டில் விழும். கோழியைக் கவ்வினால் எல்லா வீட்டிலிருந்தும் கல் விழும். யாரும் அதைத் தடவிக் கொடுத்ததில்லை, வாசற்படி ஏறினால் விளக்குமாறுதான். வெறி பிடித்தால் அந்தத் தெரு ஆண்களே கட்டையோடு கிளம்புவார்களே தவிர, அதற்கென்று வெளியாளைக் கூப்பிட மாட்டார்கள். இதையெல்லாம் பாசம் என்று யாராவது சொன்னால் மீனாம்பாளே சிரித்துவிடுவாள். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்று ஒன்றை அவள் அந்த ஊரில் பார்த்ததே கிடையாது.

சத்துவாச்சாரியிலோ நாய்கள் இரண்டே வகை. சோபாவில் படுக்கிற நாய், ஒழித்துக்கட்ட வேண்டிய நாய். நடுவில் ஒன்றும் கிடையாது. தேவானந்தம் சார் வீட்டுப் பொமரேனியனுக்கு ஜிம்மி என்று பெயர். மாரி பிஸ்கட் என்ன, குளித்து முடித்ததும் பவுடர் என்ன, பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை சீராட்டு நடந்திருக்காது. அதே சார் ரோட்டில் படுத்திருக்கும் நாயைக் கண்டால் குடையை ஓங்குவார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், குடியிருப்போர் சங்கத்தின் தலைவர், எல்லாவற்றுக்கும் மேலாக மீனாம்பாளின் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் என்றால் தாலி கட்டியவர் இல்லை, வீடு கட்டியவர்.

தாலி கட்டிய ஜெயசீலன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். சார் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு போர்ஷன் பிடித்து இருவரும் குடியிருந்தார்கள். சாவி கொடுத்த அன்றே சார் கறாராகச் சொல்லிவிட்டார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் வடகம் காயப்போடக் கூடாது, நாய் பூனை வளர்க்கக் கூடாது. மீனாம்பாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நாயை யாராவது வளர்ப்பார்களா என்ன, அது பாட்டுக்குத்தானே வளர்கிறது!

தெருமுனையில் பாதி கட்டி நின்றுபோன வீட்டின் மணல் குவியலில் ஒரு செந்நிற நாய் கிடக்கும். செவலை என்று மீனாம்பாள்தான் கூப்பிட ஆரம்பித்தாள். மிச்சம் மீதியைக் கொண்டுபோய்க் கொட்டுவாள், "தின்னு தொலை சனியனே" என்று இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுப்பாள். இருட்டு விலகாத நேரத்தில் அவள் குழாயடிக்குப் போனால் அதுவும் கூடவே நடக்கும். தெரு பழகாத ஆளைக் கண்டால் குரைக்கும். இதற்குமேல் ஒரு நாயிடம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி.

ஒருநாள் ஹைவே பக்கமிருந்து டியூஷன் முடிந்து வந்த ஒரு பெண்ணை நாய்கள் கூட்டமாகத் துரத்தின. அந்தப் பெண் சைக்கிளோடு விழுந்து முழங்கால் கிழிந்துபோனது. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சாரின் மனைவி கரோலின் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதிகம் பேசாதவள். அவளே எழுந்து, நாய்க்கடியில் வந்தவர்கள் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அலறியதைச் சொன்னபோது மறுத்துப் பேச எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நாய் பிடிக்கிற வண்டியை வரவழைப்பது என்று முடிவாயிற்று. அப்போதெல்லாம் வண்டியில் ஏறிய நாய் திரும்பி வராது, ஊசி போட்டு முடித்துவிடுவார்கள். சொந்தக்காரர் உள்ள நாய்களை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மீனாம்பாளும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டாள். பயப்படவில்லை. நாதியற்ற நாய்களைப் பிடிக்கட்டும், செவலைக்குத்தான் ஒரு தெருவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். பாவி மகள், நினைத்ததோடு நிற்கவில்லை.

சனிக்கிழமை காலை, கம்பி வலை அடித்த வண்டி வந்து நின்றது. பக்கத்துத் தெருக்களில் பிடித்த நாய்கள் உள்ளே ஊளையிட்டுக்கொண்டிருந்தன. செவலை பாதி வீட்டுக்குள் ஓடி சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. விட்டிருந்தால் தப்பியிருக்கும். மீனாம்பாள்தான் போய், "செவலை, வா இப்டி. இன்னாத்துக்குப் பயப்படுறே?" என்று கூப்பிட்டாள். வந்தவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டால் பேஜார் இல்லை என்பது அவள் கணக்கு. அவள் குரலை நம்பி அதுவும் வாலைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தது.

சுருக்குக் கம்பி வைத்திருந்தவர் கேட்டார்: "யாருதும்மா இது?"

"எங்க தெரு நாய்ங்க!" என்றாள் மீனாம்பாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"தெரு நாய்தானே? அதுக்குத்தாம்மா வந்திருக்கோம்."

அவள் வாயை மூடுவதற்குள் சுருக்கு விழுந்துவிட்டது. அவள் ஊரில் அந்த வார்த்தை போதும், எவனும் நாய் மேல் கை வைக்க மாட்டான். இங்கே அதே வார்த்தையால் தன் கையாலேயே பிடித்துக் கொடுத்துவிட்டாள். செவலை நான்கு காலையும் தரையில் ஊன்றி இழுபட்டது. அதன் கண் கம்பிக்காரரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது. மீனாம்பாளுக்கு அழுகை வரவில்லை. தன் மேலேயே அடங்காத கோபம் வந்தது.

வண்டியின் கதவு சாத்தப்பட்டதும் அவள் போய் முன் சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டாள். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்தார். குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். தேவானந்தம் சாரும் கரோலினும் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். சாரின் இடுப்பில் ஜிம்மி.

"என்ன மீனாம்பாள் இது? வழியை விடும்மா," என்றார் சார்.

"நாயை எறக்கச் சொல்லுங்க சார்."

கம்பிக்காரர் சலித்துக்கொண்டார். "ஓனர் இருக்குற நாயைப் புடிச்சா எங்களுக்குத்தான் வம்பு. யார்னா என் நாயின்னு சொல்லுங்க, எறக்கிட்டுப் போய்ட்றோம். இல்லன்னா வழிய வுடு தாயீ, வேலை ஜாஸ்தி இருக்குது."

சார் தொண்டையைச் செருமினார். பள்ளிக்கூடத்து வராந்தாவில் நிற்கிற குரல் வந்தது. "என் காம்பவுண்டுக்குள்ளே ஜிம்மியைத் தவிர நாய் கிடையாது. யாராவது எனக்குத் தெரியாமல் வைத்திருந்தால் இந்த மாசத்தோடு காலி பண்ண வேண்டியதுதான்."

மீனாம்பாள் சார் வீட்டுப் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் போர்ஷனுக்காக எத்தனை தெரு அலைந்தார்கள்! கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது, தண்ணீர்க் கஷ்டம் கம்மி. "சார்கிட்ட மட்டும் வாய் குடுக்காத" என்று ஜெயசீலன் தினமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினால் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே செவலை வலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"என் நாய்தான் சார்," என்றாள்.

அவள் வீட்டில் ஏழு தலைமுறைக்கும் யாரும் ஒரு நாயைப் பார்த்து 'என்' என்று சொன்னதில்லை. சொல்லும்போது நாக்கே கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

கரோலின் முன்னால் வந்தாள். "ஊசி போட்டிருக்கியா மீனா?"

"இல்லக்கா."

"அந்த வார்டுல நான் பாத்ததை நீ பாத்திருந்தா இப்படி நிக்க மாட்டே. உனக்கு விளையாட்டா இருக்கா?"

"வெளையாட்டு இல்லக்கா. நீங்க சொன்னதைக் கேட்டு எனக்கும்தான் ஒடம்பு நடுங்குச்சு. என் நாயின்னு சொல்லிட்டேன் இல்ல? இனிமே ஊசி போடறது என் பொறுப்பு. வெறி புடிச்சா மொதல்ல கட்டை எடுக்கப்போறதும் நான்தான்."

கரோலின் வண்டிப் பக்கத்திலிருந்து ஒதுங்கினாள். பிறகு, "திங்கக்கிழமை மாட்டாஸ்பத்திரி திறந்திருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

சார் மனைவியை முறைத்தார். "அப்போ நீ காலி பண்ணு!" என்றார் மீனாம்பாளைப் பார்த்து.

"பண்றேன் சார்."

கம்பிக்காரர் வண்டியின் பின்கதவுத் தாழ்ப்பாளை விலக்கினார். உள்ளே ஒரு கறுப்பு நாய், முதுகில் முடி கொட்டிய ஒரு கிழம், பால்மடி தொங்குகிற ஒரு பெட்டை, இன்னும் நாலைந்து, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன.

"எதும்மா உன்னுது? சட்டுனு கைகாட்டு."

மீனாம்பாள் வலை வழியாக உள்ளே பார்த்தாள். வீடு போனது போனதுதான். ஒரு நாய்க்காகப் போனாலும் அதே வீடுதான், ஒன்பது நாய்க்காகப் போனாலும் அதே வீடுதான். இவ்வளவு பெரிய விலை கொடுத்துவிட்டு ஒன்றை மட்டும் இறக்கிக்கொண்டு போக அவளென்ன பைத்தியமா?

"எல்லாம்," என்றாள்.

"இன்னாது?"

"உள்ள இருக்குறது எல்லாமே என்னுதுதான்."

"அநியாயம்! அப்பட்டமான பொய்!" சார் கத்தினார். "அந்தக் கறுப்பு நாய் மூணாவது தெரு நாய்! எனக்குத் தெரியாதா?"

"இத்தினி நாளா இருந்திருக்கும் சார். இப்ப என்னுது."

குழாயடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கம்பிக்காரருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "அத்தினிக்கும் பெல்ட் போட்டாகணும்மா. நாளைக்கு வேற வண்டி வந்து மொட்டைக் கழுத்தா இருந்தா யாரையும் கேக்க மாட்டான்."

"எங்க வீட்ல தோலுக்கா பஞ்சம்? எம் புருசன் துண்டு தோலு கொண்டாருவாரு. எல்லாத்துக்கும் வாரு அறுத்துக் கட்டி வுடறேன். நீ கதவைத் தொற."

அவர் சாரைப் பார்த்தார், சக்கரத்தடியில் நிற்கிறவளைப் பார்த்தார். இவளை அப்புறப்படுத்துவதை விடக் கதவைத் திறப்பது சுலபம் என்று பட்டிருக்க வேண்டும், திறந்துவிட்டார். நாய்கள் குதித்துத் திசைக்கொன்றாக ஓடின. எதுவும் வாலை ஆட்டவில்லை, நன்றியோடு திரும்பிப் பார்க்கவில்லை. செவலைகூட அவள் காலைத் தாண்டிக் குதித்து ஓடியே போய்விட்டது. மீனாம்பாளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

வண்டி கிளம்பிப் போனது. ஜிம்மி இடுப்பிலிருந்து இறங்கத் திமிறியது, சார் அதை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஒண்ணாந்தேதி சாவி என் கைக்கு வந்தாகணும்," என்றார்.

"வந்துடும் சார். ஆனா இந்தத் தெருவுலயேதான் வேற வீடு பாப்பேன்," என்றாள் மீனாம்பாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "இத்தினி நாய்ங்கள வச்சிக்கினு நான் வேற எங்க சார் போறது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல், அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்க உள்ளே போனாள்.