டூப்பு தயாரா?

சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் கோச். தயார், அல்லது தயாரில்லை. மனசுக்குப் படுகிறது, கண்ணில் தெரிகிறது என்ற கதையெல்லாம் வேண்டாம், நோட்டில் இருப்பதை வைத்துச் சொல்லுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கேட்டது எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆகச் சின்னவளான டூப்பைப் பற்றி.

நான் இந்த அணியில் குறிப்பு எடுப்பவள். யார் எத்தனை முறை கூடையை நோக்கி எறிந்தார்கள், எத்தனை உள்ளே போனது, யார் கையிலிருந்து பந்து பறிபோனது எல்லாம் என் நோட்டில் இருக்கும். ஒருகாலத்தில் நானும் இதே மரத்தரையில் ஓடியவள்தான். மகன் பிறந்த பிறகு பந்தை விட்டுப் பேனாவைப் பிடித்தேன்.

பந்தை முன்னால் கொண்டுபோய், யார் எங்கே ஓட வேண்டும் என்று சைகை காட்டி ஆட்டத்தை நடத்துவது எங்கள் கேப்டன். கேப்டன் என் நாத்தனார். இந்த வருஷம் அவள் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. நாற்பது நிமிட ஆட்டத்தில் பத்து நிமிடமாவது உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆள் வேண்டும். டூப்பு சரிப்பட்டால் டூப்பு. இல்லையென்றால் வெளியிலிருந்து அனுபவசாலி ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அணியில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். அவள் உள்ளே வந்தால் டூப்பு வெளியே. ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தே இருந்த பெண்ணை வேறு அணி எடுத்துக்கொள்வது குதிரைக்கொம்பு.

டூப்பு என்ற பேர் சும்மா வரவில்லை. அடுத்த ஆட்டத்தில் எந்த அணி எதிரே வருகிறதோ, அந்த அணியின் ஆட்டத்தை நடத்துபவளாகப் பயிற்சியில் ஆடிக்காட்டுவதுதான் அவள் வேலை. திங்கள்கிழமை வீடியோ பார்ப்பாள். செவ்வாய்க்கிழமை வந்து நின்றால் ஆளே மாறியிருப்பாள். ஒரு வாரம் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு ஆடுவாள், மறுவாரம் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். அந்த அணியின் சைகைகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. எங்கள் முதல் ஐந்து பேரும் அவளை எதிர்த்து ஆடிப் பழகுவார்கள். போன வாரம் யாரோ, இந்த வாரம் யாரோ.

கோச் கேட்ட பிறகு நோட்டைப் புரட்டினேன். டூப்பு பதினோரு பேராக ஆடியிருக்கிறாள். பதினோரு பேரில் ஏழு பேர் எங்கள் கேப்டனைத் திணறடித்திருக்கிறார்கள். ஆனால் அவள் பேரில் ஒரு பக்கம்கூட இல்லை. எனக்கு அங்கேதான் அரிப்பு ஆரம்பித்தது. எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்று தோன்றிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இத்தனை பேராக ஆடுகிற பெண், தானாக ஆடினால் எப்படித்தான் இருப்பாள்?

வீட்டில் நாத்தனார் சோபாவில் காலை நீட்டி, முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளிடம் கேட்டேன். பையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினாள்.

"அவ யாரா ஆடினாலும் நல்லாத்தான் ஆடுறா அண்ணி. அவளா ஆடி நான் பார்த்ததில்ல."

அப்புறம், சனிக்கிழமை தன்னைக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார வைக்கும்படி கோச்சிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். உட்காரச் சொன்னாலே எரிந்து விழுகிறவள் இவள்.

வெள்ளிக்கிழமை உடை மாற்றும் அறையில் டூப்பையே பிடித்துக் கேட்டுவிட்டேன். ஈர டவலை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீ நீயாக ஆடினால் எப்படி ஆடுவாய் என்று கேட்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மறந்துபோன வீட்டு எண்ணை யோசிப்பவள்போல் நெற்றியைச் சுருக்கினாள்.

"தெரியலக்கா. எனக்கும் பார்க்கணும்னுதான் ஆசை."

பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நாளை உன் பிழைப்பு தொங்குகிறது, நீ என்னடாவென்றால் வேடிக்கை பார்க்க வந்தவள் மாதிரி பேசுகிறாயே என்று கேட்க நாக்கு துடித்தது.

சனிக்கிழமை இரண்டாவது குவார்ட்டரில் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். கேப்டன் உட்கார்ந்தாள், டூப்பு இறங்கினாள். நான் புதுப் பக்கம் எடுத்து மேலே அவள் நம்பரை எழுதினேன்.

பந்தை முன்னால் கொண்டுவந்தாள். நடை நன்றாகத்தான் இருந்தது. நடுக்கோட்டைத் தாண்டியதும் முஷ்டியை மடக்கித் தலைமேல் வைத்தாள். அது எங்கள் சைகை இல்லை, எதிரணியின் சைகை. மூன்று நாளாகப் பயிற்சியில் அவள் காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் நான்கு பேரும் மூன்று நாளாக அந்த முஷ்டியைக் கண்டால் தடுத்தே பழகியவர்கள். கை தானாக விரிந்தது, கால் தானாகப் பின்வாங்கியது. பந்து யாரிடம் இருக்கிறது என்பதே மறந்து, கூடையைக் காக்க நின்றுவிட்டார்கள். எதிரணியில் நெட்டைப் பெண் ஒருத்தி, வருஷக்கணக்காக அந்தச் சைகைக்கு ஓடிய பழக்கத்தில், மூலைக்கு ஓடிக் கையைத் தூக்கினாள். டூப்பு அவளுக்கு அழகாக, நெஞ்சு உயரத்துக்கு, பாஸ் கொடுத்தாள்.

வாங்கியவளே ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு சுதாரித்து மறுமுனைக்கு ஓடிப் புள்ளி எடுத்தாள். அரங்கம் கொல்லென்று சிரித்தது. நடுவர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் நோட்டில் எழுதினேன்: பந்து இழப்பு, ஒன்று.

கோச் கேப்டனைப் பார்த்து விரலை அசைத்தார். இறங்கு என்று அர்த்தம். நாத்தனார் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தாள்.

"கட்டிட்டு வர்றேன் சார்."

ஒரு லேஸைக் கட்டினாள். பிறகு அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு மற்றக் காலுக்குப் போனாள். கோச்சின் முகம் சிவந்தது. அவள் நிமிரவே இல்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தரையில் டூப்பு தன் நான்கு பேரையும் அருகே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கை சொல் பேச்சு கேட்கமாட்டேன் என்கிறது, இனி சைகை வேண்டாம், வாயாலேயே சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

சொன்னாள். நீ இங்கே வா, நீ அந்தப் பக்கம் போ, அவசரப்படாதே என்று சந்தைக்கடைக் குரலில் சொல்லிக்கொண்டே பந்தைத் தட்டினாள். எதிரணிக்கும் எல்லாம் கேட்டது. கேட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவர்களில் யார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. வித்தை எதுவும் காட்டவில்லை. காலரைக் கடிக்கவில்லை, காலை இழுக்கவில்லை. பந்தை வாங்கினாள், பார்த்தாள், தடுக்க ஆளில்லாமல் நிற்கிறவளுக்குக் கொடுத்தாள். இவ்வளவுதானா என்று எனக்கு முதலில் ஏமாற்றம்கூட வந்தது. இப்படி ஒரு சாதாரணமான, வாயாடியான, பந்தை விடாத பெண்ணைத்தான் பதினோரு பேருக்குப் பின்னால் இத்தனை நாள் தேடினேனா?

ஆறு நிமிடம் கழித்து கேப்டன் திரும்பியபோது மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். பந்து இழப்பு அந்த ஒன்றுதான். கேப்டனின் ஓய்வுக்கு ஆன செலவு ஒரே ஒரு புள்ளி. பதிலாள் என்றால் வேறென்ன, போனவள் திரும்பி வரும்வரை வீட்டைக் கலைக்காமல் வைத்திருப்பவள்தானே.

ஆட்டம் முடிந்ததும், ஜெயித்த சத்தம் அடங்குவதற்குள், 'தயார்' என்று எழுதிக் கோச்சிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். எதிரணிக்குப் பாஸ் கொடுத்ததைச் சொல்லிக் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"அவ தயார்னு எனக்கும் தெரியும்மா. அவள நம்ம ஆளா ஆட வச்சா, செவ்வாக்கிழமை எதிராளியா யாரு ஆடுறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அப்படியானால் கேள்வி டூப்பு தயாரா என்பதே இல்லை. அவள் வேலையை அவளைப்போல் யாரும் செய்யமாட்டார்கள் என்பதுதான் அவர் கவலை. வெளியிலிருந்து வருபவள் கேப்டனுக்கு மாற்றாக ஆடுவாளே தவிர, வாரம் ஓர் எதிராளியாக வேஷம் கட்டமாட்டாள். இவளையும் அனுப்பிவிட்டால் அந்த வேலைக்கு ஆளே இல்லை. அது மனுஷனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது. டூப்பை டூப்பாகவே மலிவாக வைத்துக்கொள்ள வழி உண்டா என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பார்த்த வீடியோ அத்தனையையும் பார்த்த இன்னொரு ஆள் இந்தக் கட்டடத்தில் நான்தான். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"நான் ஆடுறேன் சார். அவளுக்கு இடத்தக் குடுங்க."

என் வயசையும் உடம்பையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நாத்தனார் பின்னாலிருந்து, அண்ணி ஆடுவாள், ஆனால் மூச்சு வாங்கினால் நான் பொறுப்பில்லை என்றாள். கோச் சிரித்துவிட்டார். திங்கட்கிழமை பட்டியலில் டூப்பின் நம்பர் கேப்டன் நம்பருக்கு நேர் கீழே இருந்தது.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு ஷூ போட்டு இறங்கினேன். அடுத்த வார எதிராளி இடது பக்கம் சட்டென்று திரும்புகிறவள். எனக்கு எதிரே நின்றவள் டூப்பு. நானும் இடது பக்கம் சட்டென்று திரும்பினேன். திரும்பி முடிப்பதற்குள் பந்து என் கையில் இல்லை. முதலில் கோபம்தான் வந்தது, பிள்ளை பெற்றவளிடம் இப்படியா பிடுங்குவது என்று. டூப்பு பந்தைத் திருப்பித் தந்தாள்.

"அக்கா, அவங்க திரும்பறப்போ ஒரு செகண்டு கண்ண மூடுவாங்க. நீங்க மூடல."

சரி என்று கண்ணை மூடித் திரும்பினேன். திறந்தபோது பந்தோடு அவள் மறுமுனையில் இருந்தாள்.