கால்மாட்டு நாடா

நனைத்த துணியை உதட்டில் வைத்ததும் தம்பி அதைப் பல்லால் கவ்விக்கொண்டான். அக்கா இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. சின்ன வயதில் இவள் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன்தானே, பிடித்தால் பிடித்ததுதான்.

"துணி வேணாம்க்கா. ஒரு வாய் தண்ணி குடு."

"ஆபரேஷன் முடியட்டும்டா. குடம் குடமா தரேன்."

"நேத்தும் இதையேதான் சொன்ன. நீயெல்லாம் ஒரு அக்காவா?"

பள்ளிக்கூடமாக இருந்து, சண்டை வந்ததும் ஆஸ்பத்திரியான கட்டடம் அது. ஆறாம் வகுப்பில் இருபது கட்டில்கள். சம்பளமில்லாமல் சேவைக்கு வந்த பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. வயிற்றில் குண்டு பட்டு ஆபரேஷனுக்குக் காத்திருப்பவனின் கால்மாட்டில் கறுப்பு நாடா கட்ட வேண்டும். நாடா இருந்தால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. இனி அறுத்துப் பயனில்லை என்று டாக்டர் கைவிட்டால், வார்டுப் பொறுப்பில் இருப்பவள் நாடாவை அவிழ்த்துவிடுவாள். அதன்பிறகு அவன் கேட்டதெல்லாம் கொடுக்கலாம். அக்காவே எத்தனையோ நாடாக்களை அவிழ்த்திருக்கிறாள். அவிழ்த்த கையோடு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, "மகராசியா இரு" என்று வாழ்த்தும் வாங்கியிருக்கிறாள்.

தம்பிக்கு நாடா கட்டியதும் அவள்தான். கறார் அக்கா என்று வார்டே கேலி செய்யும். சொந்தத் தம்பியே வந்து படுத்துவிட்டதால் வார்டுப் பொறுப்பை மட்டும் கூடச் சேவைக்கு வந்த டெய்லரம்மாவிடம் மாற்றிவிட்டார்கள்.

காலையில் டாக்டர் வந்துபோனபோது அக்கா பின்பக்கம் ரத்தத் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஓடி வந்தவள் முதலில் பார்த்தது கால்மாட்டைத்தான். நாடா இருந்தது. அப்பாடா என்றிருந்தது. டெய்லரம்மா ஏற்கெனவே மடித்த போர்வையை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வரை தம்பி கெஞ்சினான். பிறகு வைதான். செத்துப்போன அம்மாவையும் இழுத்து வைதான். டம்ளர் கண்ணில் படக்கூடாதென்று அக்கா அதை ஜன்னலுக்கு வெளியே வைத்தாள். மூன்று மணி சுமாருக்கு, "குடுக்காமலே கொன்னுட்டடி" என்றான். அடுத்த முறை துணி வைத்தபோது பல் கவ்வவில்லை.

சாவுச் சீட்டில் கையெழுத்துப் போட வந்த டாக்டர் நாடாவைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

"காலையிலேயே அவுக்கச் சொன்னேனேம்மா! தண்ணியாவது குடிச்சிட்டுப் போயிருப்பானே."

அக்கா டெய்லரம்மாவைப் பார்த்தாள்.

"அவுத்தா உனக்குத் தெரிஞ்சுபோயிடுமே... ஓடி வந்து நீ மொதல்ல அதைத்தானே பாத்த. சாயங்காலம் வரைக்குமாவது நம்பிக்கிட்டு இருக்கட்டும்னு..." டெய்லரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளை அறைய வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. ஆனால் கை முடிச்சுக்குத்தான் போனது. அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு, நகத்துக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் அவிழ்த்தாள்.

"அக்கா, தண்ணி." பக்கத்துக் கட்டிலில் அன்று வந்திருந்த தாடிக்காரன்.

அவன் கால்மாட்டிலும் நாடா இருந்தது.

"இதாவது நெஜ நாடாவா?" என்று கேட்டாள்.

டெய்லரம்மா ஆமென்று தலையாட்டினாள்.

அக்கா துணியை நனைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தாள்.