தோற்றவர் வலையை அவிழ்க்க வேண்டும்

பெரியநாயகி தோற்கக் கற்றுக்கொண்டது அறுபத்தெட்டாம் வருஷம். அதுவரைக்கும் டென்னிஸில் அவளுக்கு ஜெயிக்க மட்டும்தான் தெரியும். மதராஸில் டிரில் டீச்சர் படிப்புக்குப் போன இடத்தில் யாரோ கையில் மட்டையைக் கொடுத்தார்கள். படிப்பு முடிவதற்குள் அந்தக் கல்லூரியில் அவளை ஜெயிக்க ஆள் இல்லாமல் போயிற்று. பிறகு சொந்த ஊரான விருத்தாசலத்திலேயே வேலை கிடைத்துத் திரும்பினாள். மட்டையும் கூட வந்தது. எதிரே நின்று ஆட ஒரு பெண் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? பந்தைக் கையால் தொட்ட பெண்களே ஊரில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். அவர்களும் வயசுக்கு வந்ததும் பாவாடை தாவணியோடு வேப்பமரத்தடியில் ஒதுங்கிவிடுவார்கள்.

கோர்ட்டு என்று ஒன்று இருந்தது. செராமிக் பேட்டைக்குப் பின்னால், சூளையில் உடைந்த செங்கலை இடித்துத் தூளாக்கிப் பரப்பிய தரை. ஆபீசர்கள் கிளப் என்று பெயர். சாயங்காலமானால் டாக்டர் மாணிக்கவேல் வருவார், பெண்ணாடத்திலிருந்து ஜீப்பில் கரும்பு ஆபீசர் தங்கராசு வருவார், இன்னும் இரண்டு மூன்று தொப்பைகள் வரும். அவர்களுக்குள் ஒரு வழக்கம். தோற்றவர்தான் வலையை அவிழ்த்துச் சுருட்டி அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஜெயித்தவர் நாற்காலியில் சாய்ந்து சோடா குடித்தபடி அதை வேடிக்கை பார்ப்பார். பாதிப் பேர் ஆட வந்ததே அந்தச் சோடாவின் ருசிக்காகத்தான்.

முதல் நாள் டாக்டர், "வாம்மா, சும்மா ஒரு கை பாக்கலாம்" என்று கூப்பிட்டார். புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியவள், அவரை ஒரு கேம் கூட எடுக்க விடவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டேதான் வலையை அவிழ்த்தார். மறுநாள் அவருக்கு இடுப்புப் பிடிப்பு. ஊருக்கே இடுப்புக்கு வைத்தியம் பார்க்கிறவர்! அடுத்து தங்கராசு. அவர் வலையை அவிழ்த்த நாளிலிருந்து ஜீப் அந்தத் தெருப்பக்கமே திரும்பவில்லை. நாயகி வெள்ளைக் கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு இருட்டியதும் வீட்டுக்குப் போவாள்.

சுவரில் அடித்துப் பழகலாம் என்று பார்த்தாள். கோர்ட்டை ஒட்டி இருந்தது அவள் அப்பாவுடைய ஷெட்டுதான். அர்ச்சுனன் அங்கே பியூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் செய்து சூளை போடுகிறவர். இரண்டாம் நாளே வெளியே ஓடி வந்தார்.

"பாப்பா, அந்தாண்ட பலகையில இன்னும் சுடாத பச்சைச் சாமான் காயுதும்மா. செவுரு அதிர்ந்தா அம்புட்டும் விரிசல் வுட்டுடும்."

ஆக, சுவரும் அவளோடு ஆடாது என்று ஆயிற்று.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இடுப்பு சரியான டாக்டர் ஒருநாள் எட்டிப் பார்த்தபோது, ஆட்டத்தைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போய், முடிகிற நேரத்தில் பந்தை அவர் வலது கைக்கு வாகாகத் தூக்கிப் போட்டாள். டாக்டர் ஓங்கி அடித்தார். முகம் பூரித்துப் போயிற்று. மறுநாள் ஐந்து மணிக்கே வந்து நின்றார். தங்கராசின் ஜீப்புக்கும் வழி தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் ஆடுறீங்க டீச்சரு. கடைசியில நிதானம் பத்தல" என்பார் தங்கராசு, சோடாவை உறிஞ்சிக்கொண்டு.

"ஆமாங்க சார்" என்று சொல்லிவிட்டு நாயகி வலையை அவிழ்ப்பாள். மனசு கூசும். இருந்தாலும் நாளைக்கு எதிரே ஒரு ஆள் நிற்பார் என்கிற நினைப்பில் அந்தக் கூச்சத்தை விழுங்கிக்கொள்வாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

எழுபதில் ரயில்வேயில் பெண்கள் டீம் சேர்க்கிறார்கள் என்று செய்தி வந்தது. மதராஸ் போட்டியில் ஜெயிக்கிறவளுக்கு வேலை. ஆடுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். நாயகிக்குச் சம்பளம் பெரிதாகப் படவில்லை. அங்கே போனால் தினமும் எதிரே நிற்க ஒருத்தி இருப்பாள். தோற்றாலும் ஜெயித்தாலும் மறுநாள் வந்து நிற்பாள். அந்த ஆசையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அர்ச்சுனன் சூளையை ஆளிடம் விட்டுவிட்டு மகளோடு ரயிலேறினார்.

கடைசி ஆட்டம் வாசுகி என்ற மைலாப்பூர்ப் பெண்ணோடு. ஒல்லியாக இருந்தாள், பேச்சே கிடையாது, பந்தை மட்டும் வெட்டு வெட்டென்று வெட்டினாள். அப்படி ஒருத்தியோடு ஆடி எத்தனை நாளாயிற்று! நாயகிக்கு மூச்சு வாங்கியது, சந்தோஷமாகவும் இருந்தது. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் அவளுடையது. வாசுகி இடது ஓரத்தில் கால் தடுக்கித் தடுமாறிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் முழுக்கக் காலி. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே போதும்.

நாயகியின் கை பந்தை வாசுகியின் மட்டைக்கே வாகாகத் தூக்கிப் போட்டது.

மனசு அப்படிச் சொல்லவில்லை. கை பழகிப்போயிருந்தது. அடுத்த பந்தும் அப்படியே போயிற்று. அதற்கப்புறம் ஆட்டத்தைப் பிடிக்க முடியவில்லை.

தோற்றதும் அவள் நேரே கம்பத்துக்குப் போய் வலைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். கோர்ட்டு ஆள், "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்மா" என்று ஓடி வந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். வாசுகி சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பாயிண்டை எனக்கு ஏன் குடுத்தே?"

நாயகி பிடித்திருந்த கயிற்றை விட்டாள்.

"இனிமே என்கிட்ட அப்படி ஆடாதே."

அந்த வார்த்தை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் தோற்றுக்கொடுப்பதை இத்தனை நாளில் கண்டுபிடித்தது இந்த ஒருத்திதான். ரயிலில் வரும்போது அதை நினைத்து அழுதாள்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் ஆறுதல் சொன்னார்: "நாங்கதான் சொன்னமேம்மா, கடைசியில நிதானம்." அன்றைக்குச் சாயங்காலமே அவரைத் துடைத்து எடுத்தாள். மறுநாள் தங்கராசு. பிறகு மற்றவர்கள். ஒவ்வொருவராக முகம் சுண்டி வலையை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். பொங்கல் வருவதற்குள் கிளப்பில் ஈ காக்கை இல்லை. வந்தவர்களும் அறைக்குள் சீட்டாடிவிட்டுப் போனார்கள்.

நாயகி அப்பாவின் ஷெட்டிலிருந்து கோணிப்போன பியூஸ் கட்டைகளை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் மூலைக்கு மூலை வைத்தாள். இந்தப் பக்கமிருந்து பந்தால் அவற்றை அடிப்பாள். பந்து தீர்ந்ததும் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பொறுக்கி, அங்கிருந்து இந்தப் பக்கம் அடிப்பாள். ஒரு வருஷம் முழுக்க இதே வேலை. பந்து தரையில் படுகிற சத்தம் ஒற்றையாகக் கேட்கும். பதிலுக்கு ஒரு சத்தம் வராதா என்று ஏங்கிப் போவாள்.

அர்ச்சுனன் ஷெட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்: "யாருகிட்டயாச்சும் ஒரு தடவ தோத்துடேன் பாப்பா. ஆளு வரும்."

"மறுபடியும் கையி பழகிடும்பா."

அடுத்த வருஷமும் ரயில்வேயில் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். அதே மதராஸ், அதே வாசுகி. இந்தத் தடவை கை அவள் சொன்னபடி கேட்டது. கடைசிப் பந்து காலியிடத்தில் போய் விழுந்தது. வாசுகி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பத்தான் ஒழுங்கா ஆடினே. பெரம்பூருக்குத்தான வேலைக்கு வருவே? நான் போன வருஷமே டீம்ல சேர்ந்துட்டேன். தினம் ஆடலாம்." நாயகி தலையை ஆட்டினாள்.

தை பிறந்ததும் வேலைக்கான உத்தரவு வந்தது. அர்ச்சுனன் சூளைச் சூட்டோடு வேர்க்க விறுவிறுக்க அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கே வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

"விருத்தாசலம் ஜங்சனுலயே போட்டுட்டாங்க பாப்பா. மத்தியானம் வரைக்கும் டிக்கெட்டு ஆபீசு. அப்புறம் இங்கியே ஆடிக்கலாம், போட்டிக்கு மட்டும் கூப்புடுவாங்களாம். நாந்தான் மதராஸ்ல ரயில்வே பெரிய ஆபீசரப் பாத்து, காலுல வுழாத கொறையா கேட்டேன். எம்பொண்ணு இங்கியே ஒண்டியா கெடந்து பந்து பொறுக்குது, முன்ன பின்ன தெரியாத ஊருல இன்னும் ஒண்டியாக் கெடக்கக் கூடாதுங்க, வூட்டோடயே இருக்கட்டும்னேன். நல்ல மனுசன், ஒடனே மாத்திக் குடுத்துட்டாரு."

நாயகி உத்தரவைப் படித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லதுப்பா" என்றாள்.

அவர் சோடா வாங்கிக்கொண்டு ஜெயித்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் ஆடுவதைப் பார்க்க வேண்டுமாம். அவள் இந்தப் பக்கமிருந்து அடித்தாள், அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கினாள், அங்கிருந்து அடித்தாள். வெளிச்சம் மங்கியதும் கம்பத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

"தோத்தவங்கதான அவுக்கணும்? நீதான ஜெயிச்சுட்டு வந்திருக்க?"

"வேற யாருப்பா இருக்காங்க?"

அர்ச்சுனன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். காலித் தரையில் கோணல் பியூஸ் கட்டைகள் மூலைக்கு மூலை நின்றன. கையிலிருந்த சோடாவை அதற்குமேல் அவரால் குடிக்க முடியவில்லை. நாயகி வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குப் போனாள்.