முன்பக்கம் இரண்டு இஞ்சு

அந்தத் தெருவில் தையல்காரருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'அரை இஞ்சு'. யாராவது "கொஞ்சம் லூசா வைங்க" என்று சொல்லிவிட்டால் போதும், "கொஞ்சம்னா எவ்வளவு? கால் இஞ்சா, அரை இஞ்சா?" என்று மல்லுக்கு நிற்பார். ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. வீட்டின் முன்னறைதான் கடை. நாற்பது வருஷத்தில் ஒரு துணி பாழாய்ப் போனது என்று யாரும் அந்தப் படியேறி வந்ததில்லை.

மனைவிக்குத் தைப்பதென்றால் அவர் டேப்பையே தொடமாட்டார். அவள் அளவு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தங்கை மகளின் கல்யாணத்துக்காக நீலத் துணியில் கணுக்கால் வரைக்கும் ஒரு கவுன் தைத்தார். இரண்டு நாளில் முடித்து, "போட்டுப் பாரு" என்று கொடுத்தார்.

அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முன்பக்கம் தரையில் புரண்டது. பின்பக்கமோ கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"துணி வளர்ந்திடுச்சு போல" என்று சிரித்தாள் மனைவி.

அவருக்குச் சுருக்கென்றது. "ஒழுங்கா நிமிர்ந்து நில்லு."

"நிமிர்ந்துதாங்க நிக்கிறேன்."

"எங்க நிமிர்ந்திருக்க? இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல நிமிரணும்னா ஏணிதான் வைக்கணும்."

கத்தரிக்கோல் மேல் பழி போட்டார். துணிக்கடைக்காரனைத் திட்டினார். கடைசியில் டேப்பை எடுத்தார். அவருக்கு மனப்பாடமாயிருந்த உயரத்தில் இரண்டு இஞ்சு குறைந்தது. மறுபடி அளந்தார். அதே இரண்டு. பின்னால் போய் நின்று, தோள்பட்டைக்கு நடுவே கையை வைத்துக் கீழே இழுத்துவந்தபோது ஓரிடத்தில் கை மேடேறி இறங்கியது. தினமும் பார்க்கிற முதுகுதான். ஊரார் தோள் சரிவை எல்லாம் பார்த்த கண்ணுக்கு வீட்டுக்குள் இருந்த இந்த வளைவு எப்படித் தப்பியது?

"என்னங்க, பேச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. நாளைக்கு டாக்டர்கிட்ட போயிட்டு வருவோம்."

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிவைத்து விரலால் காட்டினார். "முதுகெலும்புல மூணு இடத்துல முறிவு இருக்கு. காலி டப்பாவை மிதிச்சா நசுங்குமே, அந்த மாதிரி அமுங்கியிருக்கு. எப்போ விழுந்தீங்க?"

"நான் விழவே இல்லையே டாக்டர்" என்றாள் மனைவி.

"விழணும்னு இல்லம்மா. வயசாக ஆக எலும்பு உள்ளுக்குள்ள அரிச்ச மாதிரி ஆயிடும். அப்புறம் கனமா எதையாவது தூக்கினாலே போதும். ரெண்டு புதுசு மாதிரி தெரியுது, ஒண்ணு பழசு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முன்னாடி முதுகுல திடீர்னு வலி வந்தது ஞாபகம் இருக்கா?"

மனைவி ஒரு கணம் கணவரைப் பார்த்தாள். பிறகு, "ஞாபகம் இல்லைங்க" என்றாள்.

தையல்காரருக்கு ஞாபகம் இருந்தது. வெளிச்சம் போதவில்லையென்று தையல் மெஷினை ஜன்னலோரம் நகர்த்திய நாள். "அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்று கூப்பிட்டார். அவள் தூக்கினாள், "அம்மா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஒரு கை பிடிச்சதுக்கே இவ்வளவு நடிப்பா?" என்று கேட்டவர் அவர்தான். அன்றைக்கும் எழுந்துபோய் டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு ஒரு மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வந்த வாடிக்கையாளர்களிடம் அதையும் ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு டாக்டர்" என்றார். மெஷின் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தான் சொன்ன வார்த்தையையும் விடவில்லை. மனைவி மடியிலிருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஊசி, மாத்திரை, உடற்பயிற்சி எல்லாம் எழுதிக் கொடுத்தார். குறைந்த உயரம் திரும்பாது, ஆனால் இனி முறியாமல் பார்த்துக்கொள்ளலாம். குனிந்து கனம் தூக்கக் கூடாது, வீட்டில் கால் தடுக்க எதுவும் கிடக்கக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கதவோரமே நின்றார். "ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. 'அம்மா'ன்னு கத்தினேனே, கேக்கலையா?" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "சரி விடுங்க. அன்னைக்கு எனக்கே சுளுக்குன்னுதான் தோணுச்சு" என்றாள்.

"நடிப்புன்னு சொன்னேனே. அது தப்பு."

"தப்புதான்" என்றாள் அவள். வலிக்காதபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். அவரும் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் கவுனைப் பிரித்துப்போட்டார். முன்பக்கம் இரண்டு இஞ்சு குறைத்தார், பின்பக்கம் துணி சேர்த்து இறக்கினார், முதுகில் வளைவுக்கு இடம்விட்டுக் கழுத்தைச் சற்று முன்னே தள்ளினார். இந்தத் தடவை ஆறு முறை அளந்தார்.

"எல்லாரும் என் முதுகைத்தான் பாப்பாங்க" என்றாள் அவள்.

"பாக்கட்டும். தையல்ல ஒரு சுருக்கம் இருந்தா என்னைக் கேக்கச் சொல்லு."

கல்யாணத்தில் அவள் கவுன் தரையைத் தொடவுமில்லை, தூக்கவுமில்லை. யாரும் கேட்டார்களோ இல்லையோ, தான் தைத்ததென்று அவர் நாலு பேரிடம் தானாகவே போய்ச் சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டில் சட்டம் மாறியது. பெரிய பாத்திரமெல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தது. தண்ணீர் வாளியை அவளைத் தொடவிடமாட்டார். கடையில் சிதறிக் கிடக்கும் வெட்டுத் துணியைப் பொழுதுக்கு நாலு தரம் கூட்டினார். அவள் எழுந்தால் இவரும் எழுந்தார். "நிழல்கூட மத்தியானத்துல என்னை விட்டுடும், நீங்க விடமாட்டீங்க போல" என்று அவள் அலுத்துக்கொண்டாள்.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும் என்பது பயிற்சிகளில் ஒன்று. தனியாகச் செய்ய அவளுக்குக் கூச்சம். அவரும் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அவள் மூச்சு வாங்கியபடி பத்தை முடித்துவிட்டாள். அவருக்கு ஏழிலேயே முழங்கால் மடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் சட்டைத் துணியோடு உள்ளே நுழைந்தார். தையல்காரர் அளவெடுக்க எழப்போனார். மனைவி விடவில்லை.

"கொஞ்சம் உக்காருங்க" என்றாள் வந்தவரிடம். "இவருக்கு இன்னும் மூணு பாக்கி இருக்கு."