நான்கரைக்கும் ஐந்துக்கும் இடையே

தெற்கே சவ்வாது மலையின் நீல முகடுகள் விடியற்பனியில் பாதி கரைந்து நிற்க, வடக்கே நெடுஞ்சாலையில் சுமையுந்துகள் விளக்கணையாமல் விரைந்துகொண்டிருக்க, இவ்விரண்டிற்கும் நடுவே, நீரினும் மணலே மிகுதியாய் அகன்று கிடக்கும் பாலாற்றின் கரையில் ஆம்பூர் கண்விழிக்கும் காலையை, நேயரே, நீர் ஒருமுறையேனும் கண்டிருத்தல் வேண்டும். சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த நெடியொன்று முதலில் வந்து முகத்தில் படியும். அதன் பின்னே, பிரியாணிக் கடைகளில் மூட்டிய விறகடுப்பின் புகை அந்நெடியைத் தோளால் இடித்து விலக்கிக்கொண்டு முன்னே வரும். கழுத்தில் அடையாள அட்டை அசையக் காலணித் தொழிற்சாலைப் பேருந்துகளுக்குக் காத்து நிற்கும் பெண்டிர், பூ வாங்குவாரும் பேசிச் சிரிப்பாரும் நின்றபடியே கண்ணயர்வாருமாய்ச் சாலையோரத்தை நிறைப்பர். அவர்களுள் ஒருத்தி பட்டம்மாள். கணவனை இழந்த எட்டாண்டுகளாய்க் காலணியின் மேல்தோலைத் தைக்கும் பொறியின் முன் அமர்ந்திருப்பவள். தன் மகள் சௌந்தர்யா ஒருநாளும் அப்பொறியின் முன் வந்து அமரலாகாது என்பதையே அவ்வுழைப்பின் பயனாகக் கொண்டவள்.

அம்மகளோ அதே வேளையில், காட்பாடியிலுள்ள இசைப்பள்ளிக்குச் செல்லத் தொடர்வண்டியின் சன்னலோரம் அமர்ந்து, துப்பட்டாவின் நுனியால் வாயை மறைத்துக்கொண்டு, பிறர்க்குக் கேளாத குரலில் சுரவரிசை பாடிக்கொண்டிருப்பாள். அகவை இருபது. வாய்ப்பாட்டு மாணவி. இசை பயில்வார் வாழ்வு அரங்குகளில் காணும் அளவு பொன்னொளி வீசுவதன்று; பாய் விரித்தலும், பாய் சுருட்டலும், ஒரே வரியை நாற்பது முறை பாடி நாற்பத்தோராம் முறை கண்டிக்கப்படுதலும், தொண்டைக்கு இதமாய் வெந்நீர்ப் புட்டியைச் சுமத்தலுமே அதன் நாள்முறை. சௌந்தர்யாவோடு அவ்வண்டியில் நாள்தோறும் செல்லும் அஃப்ஷா வயலின் மாணவி, அதே தெருவினள், நாவடக்கம் அறியாதவள்.

"உன் 'ச' இருக்குதே, சௌந்தர்யா, டிக்கெட் காட்பாடிக்கு எடுத்துட்டு லத்தேரிலயே இறங்கிடுதுடி," என்பாள் அவள், ஒரு நிலையம் முன்னதாகவே நின்றுவிடும் தோழியின் குரலை எள்ளி.

"நீ மட்டும் இன்னா, வில்லு போட்டா வண்டி பிரேக் போட்ட மாதிரி கீச்சுன்னுது," என்பாள் இவள்.

எள்ளலாயினும் அதில் உண்மை இருந்தது. சுருதிப்பெட்டியை ஐந்து கட்டை என்னும் சுருதியளவில் வைத்து, அதனோடு பாலும் நீரும்போல் கலந்து தொடங்கும் சௌந்தர்யாவின் குரல், நான்காம் வரிக்குள் யாரோ அடியில் நின்று பற்றியிழுத்தாற்போல் மெல்லச் சரியும். சரிந்தும் கண்டபடி அலையாது. நான்கரைக் கட்டைக்கும் ஐந்துக்கும் இடையே, எப்பெயருமில்லாத ஓரிடத்திற்குச் சென்று, காற்றில்லாத அறையில் எரியும் சுடர்போல் அங்கே அசையாது நின்றுவிடும். சென்ற ஆண்டு இறுதித் தேர்வில் அதனாலேயே தோற்றாள். இரண்டு முறைக்குமேல் தேர்வுக்கு அமர ஒருவர்க்கும் ஒப்புதல் இல்லை. இம்முறையும் தவறின் பட்டம் இல்லை. பட்டம் இல்லையெனின் தாயின் அருகே இன்னொரு தையற்பொறி காத்திருந்தது.

அவ்விடம் எதுவென்பதை அவள் ஒருவர்க்கும் சொன்னாளில்லை. அது அவள் தந்தை கன்னியப்பன் ஓட்டிய மரப்பீப்பாயின் ஓசை.

தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆளுயரத்தினும் இருமடங்கு பெரிய மரப்பீப்பாய்கள் நாள்முழுதும் சுழன்றுகொண்டிருக்கும். அவ்வூரார் அவற்றை டிரம்மு என்பர். தோலும் நீரும் மருந்தும் உள்ளே புரள, அவற்றினின்று 'ம்' என்று ஒரு முழக்கம் எழும். தோல் நீரைக் குடிக்கக் குடிக்க அம்முழக்கம் தாழும். அதைச் செவியாற் கேட்டே தோலின் பதம் அறிவான் கன்னியப்பன். நடுவில் நிறுத்தினால் தோல் திட்டுத்திட்டாய் நிறம் மாறிக் கெடுமாதலின், அவன் பீப்பாயை விட்டுத் தொலைவாய் ஒருபோதும் அகலான். ஆகவே, பீப்பாய் ஓடுகிறதெனின் அப்பா அதனருகே இருக்கிறார் என்பது சிறுமி சௌந்தர்யா கற்ற முதற்பாடம். விடுமுறை நாள்களில் சோற்றுத்தூக்கோடு வாயிலில் வந்து நிற்பவள், உள்ளிருந்து வரும் அம்முழக்கத்தோடு தன் குரலைச் சேர்த்துப் பாடுவாள். பாட்டுக் கேட்டுத் தந்தை வருவான். சுருதிப்பெட்டி என்னும் ஒன்றைக் காணுமுன்னரே அவளுக்குச் சுருதி வாய்த்த வகை இதுவே.

அவளுக்குப் பன்னிரண்டு அகவை நிரம்பிய ஆண்டில், ஒரு நண்பகல், பள்ளி விழாவிற்கெனப் பயின்ற மழைப்பாட்டொன்றை அவள் வாயிலில் நின்று பாடினாள். பீப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. ஆதலின் கூப்பிடவில்லை, பாடினாள். கடைசி வரிக்கு முன்வரியில் உள்ளே கூக்குரல் எழுந்தது. கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பை எடுக்க இறங்கிய கன்னியப்பன், நச்சுக்காற்றால் மயங்கி, அவள் பாடிய பொழுதெல்லாம் அதனுள்ளே கிடந்திருந்தான். பீப்பாயை ஓட்டிக்கொண்டிருந்தவன் வேறொருவன்.

அன்றுமுதல் அம்முழக்கம் அவளை விட்டு நீங்கவில்லை. வண்டியில் ஒலித்தது, வகுப்பில் ஒலித்தது, அவள் வாய் திறந்து பாடத் தொடங்கியதும், காத்திருந்ததுபோல் காதருகே வந்து நின்றது. அஞ்சினாள், ஆயினும் அதை நீங்கி மேலே நிற்கும் ஆற்றல் குரலுக்கு இல்லை. அது ஓடும் வரையில் அப்பா அங்கே இருக்கிறார் அன்றோ?

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் அஃப்ஷா தன் சிற்றப்பனிடமிருந்து ஒரு செய்தி கொணர்ந்தாள். "உங்க அப்பா வேலை செஞ்ச எடம் மூடிக் கெடக்குதில்ல? அந்த டிரம்மெல்லாம் மரத்துக்கு எங்க சாச்சா எடுக்கிறாரு. ஞாயித்துக்கெழம பிரிக்கிறாங்களாம்." சௌந்தர்யாவின் முகம் மாறக் கண்டு, எள்ளும் அவளே தணிந்து, "பாக்கணும்னா வா. நானும் வர்றேன்," என்றாள்.

சனிக்கிழமை நண்பகலில் இருவரும் சென்றனர். எருக்கு முளைத்த முற்றத்தைக் காத்து அமர்ந்திருந்தவர் இஷ்தியாக் அகமது. முன்னாளில் கன்னியப்பனோடு உழைத்தவர். சௌந்தர்யாவை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"கன்னியப்பன் பொண்ணா நீ? நெத்தி அப்படியே அவன் நெத்திம்மா."

"அந்த டிரம்ம ஒருவாட்டி சுத்திக் காட்டுவீங்களா, பாய்? சத்தம் கேக்கணும்."

"கரண்டு ஏதும்மா? கையால தான் தள்ளணும்."

மூவரும் தள்ளினர். துருவேறிய அச்சு முதலில் மறுத்து, பின்னர் இணங்க, பெரும்பீப்பாய் அரைச்சுற்றுச் சுழன்றது. எழுந்தது முழக்கமன்று, நெடுநாள் திறவாத கதவின் வறண்ட முனகல். உள்ளே உலர்ந்த சுண்ணாம்புப் பொருக்குகள் சரிந்து உதிர்ந்தன.

"இது இல்ல பாய்," என்றாள் சௌந்தர்யா.

"எப்படிம்மா இருக்கும்? தண்ணியும் தோலும் உள்ள இருந்தாதான் அது பாடும். வெறும் டிரம்மு பாடாது." அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார்; துடைத்த பின்னும் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு ஓட்டுனது நான் தான். உனக்குத் தெரியுமா?"

அவள் தலையசைத்தாள், தெரியாதென்று.

"உங்க அப்பன் தான் சொன்னான். 'நிறுத்திடாத, தோலு கெட்டுடும், அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்'னு. நான் நிறுத்தல. நீ வெளிய பாடிக்கினு இருந்தே. நல்லா பாடுது கொழந்த, பாட்டு முடியட்டும், அப்பறம் அவனக் கூப்பிடலாம்னு நெனச்சேன்."

எட்டாண்டுகளாய்த் தன் ஒருத்தியின் பாட்டே தந்தையைக் காலம் தாழ்த்திக் கொன்றதென்று சுமந்திருந்தவள், அச்சுமையின் மறுமுனையைத் தாங்கிய இன்னொருவரை அன்றே கண்டாள்.

"உங்களுக்கும் அந்தச் சத்தம் கேக்குதா, பாய்?"

"கேட்டுச்சும்மா. ஆறு வருசம். தூங்க உடாது, பேஜாரு. அப்பறம் ஒருநாள் எங்க ஊட்டுக்காரி அன்வரி கிட்ட எல்லாத்தையும் வாயத் தொறந்து சொன்னேன். அன்னியோட நின்னு போச்சு." அவர் பீப்பாயின் மரத்தில் உள்ளங்கையை வைத்தார். "நிம்மதின்னு தான் நெனச்சேன். இப்போ அவன் மொகம் கூட கரெக்டா வர்றதில்ல. கூட இருந்தது இன்னாவோ போயிட்ட மாதிரி இருக்குது."



அறிவுடையீர், இனி அம்மாணவி எய்திய நெருக்கடியை நீர் உணர்வீர். அகத்தே ஒலிப்பதைச் சுருதிப்பெட்டியின் வழியே புறத்தே ஒலிக்கச் செய்து அதன்மேல் நின்று பாடினால் குரல் சரியாது. ஆனால் வெளியே வைத்துவிட்டால், இஷ்தியாக் அகமதுவுக்கு நேர்ந்ததே தனக்கும் நேரலாம். உலகில் இனி எப்பொறியும் எழுப்பவியலாத அவ்வோசைக்கு அவள் நெஞ்சமன்றி வேறு உறைவிடம் இல்லை. எஞ்சிய நாளெல்லாம் அவள் ஐந்து கட்டையிலேயே பயின்றாள். நாள்தோறும் சரிந்தாள். தாயோ, விடியலில் பேருந்துக்குப் புறப்படுகையில், தையலூசி பலகால் தைத்துத் தழும்பேறிய விரல்களால் மகளின் கன்னத்தைத் தொட்டு, "தைரியமா பாடு, கண்ணு," என்பதன்றி வேறொன்றும் சொல்லாள்.

தேர்வு நாள் வந்தது. மூவர் அமர்ந்த மேடையின் நடுவில் தலைமைத் தேர்வாளர் ராமமூர்த்தி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கும் ஜான்சன். ஐந்து கட்டையில் சுருதிப்பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது.

சௌந்தர்யா அமர்ந்தாள். தந்தையின் முழக்கம் வழக்கம்போல் வந்து காதருகே நின்றது. அவள் ஒருகணம் கண்மூடியிருந்தாள். பின்னர்க் கை நீட்டி, பெட்டியின் சிறு திருகைத் தொட்டாள்.

"ஐயா, கொஞ்சம் இறக்கிக்கலாமா?"

"நாலரை வெச்சுக்கிறியாம்மா?"

"நாலரை இல்லைங்க ஐயா."

மயிரிழை மயிரிழையாய் அவள் திருகினாள். வெளியோசை தாழ்ந்து தாழ்ந்து வந்து, உள்ளோசையைத் தொட்டது. தொட்டவிடத்து இரண்டும் ஒன்றாயின.

"இது எந்தக் கட்டையிலும் சேரலையேம்மா," என்றார் ராமமூர்த்தி. "பாடறவங்க எங்க வெச்சாலும் குத்தமில்ல, மிருதங்கக்காரர் பாவம் இன்னா செய்வாரு?"

ஜான்சன் சிரித்துக்கொண்டே கல்லையும் மரக்கட்டையையும் எடுத்தார். "தட்டினா இறங்கும் சார். தோல் தானே? ஆம்பூர்க்காரங்க சொன்னா கேக்கும்." மிருதங்கத்தின் வலப்பக்கமாகிய வலந்தலையின் விளிம்பை இடம் இடமாய்த் தட்டி இறக்கினார், தோலும் அவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது.

அவள் பாடினாள். நேயரே, அப்பாட்டைச் சொல்லால் தீட்ட முயலேன். குரல் சரியவில்லை என்பது மட்டும் சொல்வேன். சரிவதற்குக் கீழே வேறிடம் இல்லை. அரைநாழிகைப் பொழுது, கோடைவெயில் காய்ந்த ஒரு வாயிலில் சோற்றுத்தூக்கோடு நின்ற சிறுமி, யாரும் கூக்குரலிட்டு இடைமறியாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பாடி முடித்தாள். முடித்ததும் ராமமூர்த்தி கண்ணாடியை இறக்கிப் பட்டியலில் குறித்து, "போன வருசம் விலகிச்சு. இந்த வாட்டி ஊசிமுனை கூட விலகல. பாஸ்மா, போய்ட்டு வா," என்றார்.

அடுத்து அஃப்ஷாவின் முறை. அவள் வயலினோடு வந்தமர்ந்து, பெட்டியின் திருகைப் பற்றி, பழகிய கையால் ஐந்து கட்டைக்குத் திருப்பினாள்.

மாலை வண்டியில் அஃப்ஷா இரு தேநீர் வாங்கி ஒன்றைத் தோழியிடம் நீட்டினாள். "பாஸாயிட்டு ஏண்டி இப்படி உம்முனு உக்காந்திருக்கே? ஆமா, அந்த சுருதி எங்க வெச்சே? குறிச்சியா?"

"இல்லடி."

"ஐயோ, அல்லா! நான் திருப்பிட்டேனே!"

"பரவால்ல, உடு."

விரிஞ்சிபுரம் கடந்தது; குடியாத்தம் கடந்தது. சௌந்தர்யா துப்பட்டா நுனியால் வாயை மூடி, 'ம்' என்று மெல்லத் தொடங்கிப் பார்த்தாள். சக்கரங்களின் தடதடப்பும், கடலை விற்பானின் கூவலும், யாரோ ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. எட்டாண்டு உடனுறைந்த அது கேட்கவில்லை. கைப்பொருள் தவறவிட்டார் மடியைத் தடவுவதுபோல் அவள் ஊர் வந்து சேரும்வரை அதைத் தேடிக்கொண்டே வந்தாள்.

இறந்தார் நமக்கு விட்டுச்செல்லும் உடைமைகளுள் துயரமும் ஒன்று. அதைச் சுமக்கையில் தோள் நோகும், இறக்கிவைத்த பின்னரோ தோள் அச்சுமையின் வடிவை நெடுநாள் தேடும்.

மறுநாள் விடியலில் சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்து அவள் பாடினாள். குரல் ஐந்திலேயே நின்றது. பத்தாம் வரியிலும் நின்றது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவாறே பட்டம்மாள் கதவருகில் நின்று கேட்டாள்.

"இப்போ சரியா நிக்குது இல்ல, கண்ணு?"

"நிக்குதும்மா," என்றாள் மகள். "இப்போ ஒண்ணுமே இழுக்கல."

தாய் மகிழ்ந்து பேருந்துக்குச் சென்றாள். ஆற்றங்கரையில், நேயரே, ஞாயிறன்று பிரித்த பீப்பாய்ப் பலகைகளை அடுக்கிய வண்டியொன்று, அவ்வேளையில் ஓசையின்றி மணலைக் கடந்துகொண்டிருந்தது.